கடல்பசுக் குட்டி ஏங்கும்

ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் என்னோடு தரையில் உட்கார்ந்து படித்தவர்களே, நம் சந்திப்பு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. எழுத உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் திரும்ப வந்து உட்காரத் தோன்றுகிறது. பத்து நாளாக இப்படித்தான்.

போன மாதம் நம்மில் ஒருவன் பழைய தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து குரூப்பில் போட்டிருந்தான். ஒலி மரபு. யானை பிளிறும், குதிரை கனைக்கும், பசு கதறும், சிங்கம் முழங்கும். அதற்குக் கீழே ஒருவன், "செவப்பு மை டீச்சர் உறுமும்" என்று எழுதினான். நாற்பது பேர் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பேச்சு எங்கெங்கோ போய், எல்லா ஆசிரியர்களையும் அழைப்போம், அவரை மட்டும் வேண்டாம் என்று முடிவானது. நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். 'செவப்பு மை' என்ற பட்டப்பெயரை வைத்ததே நான்தான். உங்களில் பாதிப் பேருக்கு அது மறந்திருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் எவ்வளவு மோசம் என்று உங்களுக்குக் காட்ட ஒரு சாட்சியும் என்னிடம் இருந்தது. அம்மாவின் தகரப் பெட்டியில், ஞானஸ்நானச் சீட்டுகளுக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவில், அவர் திருத்திய ஒரு மாதத் தேர்வு விடைத்தாளை அம்மா பத்திரமாக வைத்திருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் கையெழுத்து இருக்கும் எதையும் எறிய மாட்டாள். படம் எடுத்துப் போடலாம் என்று அதை எடுத்தேன். எடுத்தவன் இன்னும் போடவில்லை. ஏன் என்பதைச் சொல்ல, அந்தக் கச்சான் காற்றுக் காலத்துக்குப் போக வேண்டும்.

ஒலி மரபு பாடம் நடந்த வாரம் நான் வீட்டில் பெரிய வாத்தியாராகிவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் உப்பளத்துத் தூசி வாசல் வரை வரும். அம்மா அதைக் கூட்டிக்கொண்டே, "இந்தக் காக்கா என்ன இப்பிடிக் கத்துது" என்பாள். நான் விடமாட்டேன்.

"கத்துதுன்னு சொல்லக் கூடாதும்மா. கரையுதுன்னு சொல்லணும்."

"ஏலே, அத காக்காட்ட போயிச் சொல்லு. ஒழுங்காக் கரையும்" என்று அப்பா சிரித்தார். வலைக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டே, "அது கெடக்கட்டும். கடல்பசு என்னலே செய்யும்? ஒம் புஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்டார்.

புத்தகத்தில் இல்லை. மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். சாயர்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர் அவர். வெயிலில் கறுத்த முகம், கையில் எப்போதும் சிவப்புப் பேனா. கடல்பசு என்றதும் கொஞ்சம் யோசித்தார்.

"அது சத்தம் போடும்னே எனக்குத் தெரியாதே. புத்தகம் எழுதினவங்க கடலுக்கு வந்திருக்க மாட்டாங்க. நீ என்னைக்காவது கேட்டா எனக்கு எழுதிக் காட்டு."

நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். யாருக்கும் நினைவிருக்காது. எனக்கு அது ஒரு வேலையாக ஒப்படைக்கப்பட்டது போலிருந்தது.

அதே மாதம் அம்மா என் தங்கைக்குப் பால் மறக்கடித்துக்கொண்டிருந்தாள். இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்வாள். தங்கை வாயை வைத்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள், அம்மாவையே பார்ப்பாள், பிறகு அழுகை. அழுது அழுது சத்தம் ஓய்ந்த பிறகு ஒன்று வரும், மூச்சு உள்ளே போகும்போது இரண்டு மூன்று துண்டாக உடைந்து போகும். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்து, "பிள்ள ஏங்குது, காய்ச்சல்ல கொண்டு விட்ரும்" என்பார்கள். எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். பசித்த பிள்ளை அழும். அடிபட்ட பிள்ளை கத்தும். தாயைக் காணாத பிள்ளைதான் ஏங்கும். வேறு ஏக்கங்கள் எல்லாம் நான் பின்னால் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டவை.

ஒரு சனிக்கிழமை. அப்பாவும் சித்தப்பாவும் திருக்கை வலைக்குப் போயிருந்தார்கள். பெரிய கண்ணுள்ள வலை. அடியில் போட்டுவிட்டு மறுநாள் போய் எடுப்பார்கள். அம்மா கம்பெனிக்குக் கிளம்பும் முன் காப்பி பிளாஸ்க்கைக் கொடுத்து என்னைக் கரைக்கு அனுப்பினாள். வழக்கமான இடத்தில் எங்கள் வள்ளம் இல்லை. வடக்கே உப்பளத்துக்குப் பின்னால், ஓடை கடலில் சேரும் இடத்தில் உடைமரங்களுக்கு மேலே அதன் நீல மூக்குத் தெரிந்தது. ஓடினேன்.

முட்டளவு தண்ணீரில் வலையோடு ஒரு கடல்பசு கிடந்தது. கவிழ்த்துப் போட்ட இன்னொரு வள்ளம் போல. சாம்பல் நிறம், தோலில் அங்கங்கே ஒற்றை மயிர். மூச்சு எடுக்க மேலே வர முடியாமல் வலைக்குள்ளேயே செத்திருக்கிறது. சித்தப்பா என்னைப் பார்த்ததும் குதித்தார்.

"ஏலே, நீ எதுக்கு இங்கன வந்த? போ வீட்டுக்கு!"

"வந்தவன் வந்துட்டான், விடு" என்றார் அப்பா. "ஏலே, இங்க பாத்தத வெளிய சொன்னா பாரஸ்ட்காரன் என்னையும் சித்தப்பாவையும் ஜீப்புல ஏத்திருவான். வள்ளத்தையும் கொண்டு போயிருவான். வாயே திறக்கக் கூடாது. என்ன?"

"ம்."

"அங்கனயே வலைய அறுத்து விட்டுட்டு வந்திருக்கலாம்னு சொன்னேம்லா" என்றார் சித்தப்பா.

"அறு. ஒன் மாமனாரு புது வலை சீதனமாத் தந்திருக்காருல்லா, அறுத்து அறுத்து விளையாடு."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்திலும் இருவரும் சிரித்தார்கள். பிறகு அப்பா வலையை விலக்க அதன் முன்துடுப்பைத் தூக்கினார். துடுப்புக்கு அடியில், மனுஷிக்குக் கையிடுக்கு இருக்கும் இடத்தில், மார்க்காம்பு. அதிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்து கலங்கல் தண்ணீரில் நூல்போல ஓடியது. அப்பா துடுப்பைச் சட்டென்று கீழே விட்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

பத்துப் பதினைந்து கை தள்ளி, தண்ணீருக்கு மேல் ஒரு சின்ன மூக்கு. இரண்டு மூடி திறப்பது போல் மூக்கு திறந்தது. புஸ் என்று மூச்சு. அதன்பின் ஆட்டுக்குட்டி மாதிரி மெல்லிசாக ஒரு குரல், நடுவில் உடைந்து உடைந்து. முங்கியது. வேறு இடத்தில் மூக்கு வந்தது. திரும்பவும் அதே குரல். வலை கிடந்த இடத்திலிருந்து அது வள்ளத்துக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது.

"என்னப்பா சொல்லுது?"

அப்பா வலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏங்குதுலே."

"மீனு ஏங்குமா? சும்மா கெடங்கண்ணே" என்றார் சித்தப்பா.

"மீனாலே இது? கேளு."

சித்தப்பா கேட்கவில்லை. கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

அப்பா செய்தது தப்பு. அதை மறைக்க நான் இதை எழுதவில்லை. அன்று மத்தியானத்துக்குள் எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளுக்குப் பங்கு போய்விட்டது. இப்படிப்பட்டதில் பங்கு போவது வழக்கம். தின்ற வாய் பேசாது என்ற கணக்கு. சாயங்காலம் அம்மா வந்து சட்டியை அடுப்பில் வைத்தாள். மசாலா கொதித்து வரும்போது நான் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, அதோட குட்டி ஓடையில நிக்குது. ஏங்குது."

"எது ஏங்குது?"

"குட்டி. நம்ம பாப்பா மாதிரியே."

அம்மா கரண்டியை வைத்தாள். சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, கொல்லையில் கொண்டுபோய் அப்படியே கவிழ்த்தாள். மண்ணில் அது சொய்யென்றது. உள்ளே வந்து ஈரத்துணியால் மார்பைத் துடைத்தாள், தேய்த்துத் தேய்த்து. தங்கையை மடியில் எடுத்துப் போட்டாள். வேப்பெண்ணெயின் கசப்பு மிச்சமிருந்திருக்கும். பாப்பா முதலில் முகம் சுளித்தாள், பிறகு குடித்தாள்.

"மறக்கடிக்கிறத மெதுவாப் பாத்துக்கிடலாம்" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் சிலுவை நட்ட குருசடி பக்கம் நின்று பேசினார்கள். வானிலை பேசினார்கள், டீசல் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை. நான் ஓடைக்கு ஓடினேன். மூக்கு வந்தது, போனது, வந்தது. கடல்பசு புல் தின்னும் என்று கேள்விப்பட்டிருந்ததால் கரையில் கிடைத்த புல்லைப் பிடுங்கி எறிந்தேன். அது மிதந்து என்னிடமே திரும்பி வந்தது.

அன்று மாலை வீட்டு முற்றத்தில் அப்பாவும் சித்தப்பாவும் குரலை அடக்கிக்கொண்டு சண்டை போட்டார்கள்.

"கறி வாங்க பைக்குல வந்தவன் குட்டியையும் கேக்கான். அங்கனயே நின்னுட்டு இருந்தா எவனாவது பாத்து போன் போட்டுருவான். அதுக்கு முன்னால நாமளே எடுத்துருவோம். எப்படியும் அது சாகத்தானே போவுது."

"சாவட்டும். நம்ம கையால வேண்டாம்."

"ஒங்க கை எங்கன இருந்துச்சு நேத்து?"

சித்தப்பா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை தமிழ்த் தேர்வு. விலங்குகளின் ஒலிகளில் ஐந்து எழுது, ஐந்து மதிப்பெண். நான்கை மடமடவென்று எழுதினேன். ஐந்தாவதில் பேனா நின்றது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எழுத்து என்பது யாரும் படிக்காத ஒன்று. டீச்சரோ கேட்டால் எழுதிக் காட்டு என்று சொல்லியிருக்கிறார். அழுத்தி எழுதினேன்: கடல்பசுக் குட்டி ஏங்கும். அது போதாது போலத் தோன்ற, பக்கத்திலேயே சேர்த்தேன்: நான் எங்கள் ஓடையில் கேட்டேன்.

செவ்வாய் விடியலில் அப்பா நாலு சாக்குகளை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக ஓடைக்குப் போனார். சித்தப்பா வரவில்லை. மத்தியானம் அப்பா திரும்பி வந்து, கை கால் கழுவாமல் சுவரோரம் உட்கார்ந்தார்.

"விட்டுட்டேன்" என்றார். "தீவுப் பக்கம், புல்லு கெடக்குத இடத்துல."

சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். காக்கிச் சட்டை போட்ட இருவர் வகுப்புக்கு வந்தார்கள். கரையில் எங்கோ ஒரு துண்டுத் தோல் ஒதுங்கியிருந்திருக்கிறது. அதற்காகக் கரையோரப் பள்ளிகளில் விசாரித்துக்கொண்டு வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். ஆமை, கடல்குதிரை, கடல்பசு என்று பெரிய பெரிய படங்கள் காட்டினார்கள். ஒருவர் கடல்பசுப் படத்தை உயர்த்திப் பிடித்து, "இத நேர்ல பாத்தவங்க யாரு? கை தூக்குங்க, பரிசு உண்டு" என்றார்.

என் கை பாதி உயர்ந்துவிட்டது. வாய்தானே திறக்கக் கூடாது.

"ஏய்!" டீச்சரின் குரல். அப்படி ஒரு குரலை அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் நாம் கேட்டதில்லை. "வீட்டுப்பாடம் எழுதாம வந்துட்டுக் கை வேற தூக்குறியா? வெளிய போ. முட்டி போடு. நான் கூப்பிடுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

வீட்டுப்பாடம் நான் எழுதியிருந்தேன். நோட்டைக் காட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய் வெளியே விட்டார். நம் பள்ளி முற்றத்து மண்ணில் பாதிக்குப் பாதி உடைந்த சிப்பி. வெயில் வேறு. உள்ளே நீங்கள் பரிசுப் பென்சில்கள் வாங்கும் சத்தம் கேட்டது. ஜீப் கிளம்பிப் போன பிறகும் வெகுநேரம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. எழுந்தபோது முட்டியில் சிப்பித் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒரு தழும்பு இப்போதும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடைத்தாள் வந்தது. என் ஐந்தாவது வரியைக் காணவில்லை. அதன் மேல் சிவப்பு மை, கோடு கோடாக, குறுக்கும் நெடுக்கும், பேனா தாளைக் கிழித்துவிடும் அளவுக்கு. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. நாற்பத்து மூன்று மதிப்பெண். நம்மில் ஒருத்தி நாற்பத்து நான்கு வாங்கி முதலாவதாக வந்தாள். அந்த ஒரு மதிப்பெண்ணை இந்த அம்மாதான் தின்றுவிட்டார் என்று கொதித்துப் போனேன். அன்று இடைவேளையில், தண்ணீர்க் குழாயடியில், அந்தப் பட்டப்பெயரை உங்களுக்குக் கொடுத்தேன். அடுத்த வாரக் கடைசிக்குள் சுவரில் கரியால் எழுதியாகிவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே போனதையும் நாம் பார்த்தோம்.

வீட்டில் தாளைக் காட்டி அழுதேன். அப்பா அந்தச் சிவப்பைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு அடியில என்னலே எழுதியிருந்த?"

சொன்னேன். அவர் முகத்தை அதன்பின் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பையில் நண்டோடு பள்ளிக்கூடம் வந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டி நின்றார் அப்பா. டீச்சர் பையை வாங்கவில்லை. ஏதோ சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். எனக்கு மதிப்பெண் கேட்டுக் கெஞ்ச வந்திருக்கிறார், அதையும் மறுத்துவிட்டார்கள் என்று எனக்குக் கூசிப்போயிற்று. அந்த வருஷக் கடைசியில் டீச்சர் மாற்றலாகிப் போனார். நாம் கை தட்டினோம்.

இப்போது நான் துறைமுகத்தில் கண்டெய்னர் எண்ணிக்கை எழுதுகிறவன். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் கூட்டிப் பார்த்துவிடும் பழக்கம் வந்துவிட்டது. போன மாதம் உங்களுக்குப் படம் எடுக்கத் தாளை மேசையில் விரித்தபோதும் கை தானாகக் கூட்டியது. மற்றக் கேள்விகளுக்கு அவர் ஓரத்தில் போட்டிருப்பது மொத்தம் முப்பத்தெட்டு. முதல் பக்கத்தில் நாற்பத்து மூன்று. சிவப்பு மை பூசிய அந்தக் கேள்விக்கு ஓரத்தில் ஒன்றும் போடவில்லை. ஆனால் ஐந்துக்கு ஐந்தும் மொத்தத்தில் சேர்ந்திருக்கிறது. மூன்று முறை கூட்டினேன். அந்த ஒரு மதிப்பெண்ணை நான் இழந்தது வேறு எங்கோ.

தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் நான் அழுத்தி எழுதிய வரி இன்னும் மேடாக இருக்கிறது. விரலால் தடவினால் தெரியும்.

அப்படியே அப்பாவிடம் போனேன். கடலுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருஷமாகிறது, முட்டி வலி. டிவியை அணைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"அன்னைக்கு நண்டு கொண்டுட்டு வந்தியே, டீச்சர் என்னப்பா சொன்னாங்க?"

"எந்த நண்டு?" என்றார். பிறகு அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஓ. அதுவா. குட்டி என்னாச்சுன்னு கேட்டாவ. விட்டுட்டேம்மான்னேன். இனிமே அந்தக் காரியம் செய்யாதீங்கன்னாவ. சரின்னேன். செய்யல்ல, ஒனக்கே தெரியும்."

"அவ்வளவுதானா?"

"பிள்ளைய அடிச்சிராதீங்க, அவன் எழுதுனது சரிதான்னாவ."

"இத்தன வருஷம் ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? சரியா எழுதிட்டேன், சரியா எழுதிட்டேன்னு ஊர் பூராவும் போயிச் சொல்லிருப்ப. அப்புறம் நான் எங்கன இருந்திருப்பேன்?"

அது உண்மைதான். நான் அப்படித்தான் இருந்தேன்.

நண்பர்களே, என் கட்டைவிரலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவரை நானே போய் அழைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயர்புரம் பஸ்ஸில் ஏறுகிறேன். வீடு விசாரித்துவிட்டேன், பார்வை மங்கிவிட்டதாம், ஆனால் எல்லாம் நினைவிருக்கிறதாம். உங்களில் யார் வந்தாலும் சரி. வராவிட்டாலும், சுவரில் கரியால் எழுதியது நான் என்று அவரிடம் சொல்லிவிடுவேன்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஏனோ சந்தோஷப்படவில்லை. மிதியடியைக் காலால் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா திரும்பவும் குட்டியப் பத்திக் கேப்பாவ" என்றார்.

"கேட்டா? விட்டுட்டோம்னு சொல்லுவேன்."

"விட்டேன்லே. புல்லு கெடந்த இடத்துல மெதுவா எறக்கித்தான் விட்டேன். வள்ளத்தத் திருப்புனா பின்னாலயே வருது. வள்ளத்துக்கு அடியில வந்து முட்டுது. அதுக்கு வள்ளம்தான் தெரியும், அம்மையக் கடைசியா அது பாத்தது வள்ளத்தோட தானே. துடுப்பு போட்டு வந்தாலும் வருது. நின்னாலும் நிக்குது. மூக்கத் தூக்கி..." நிறுத்தினார். "அதான் எஞ்சினப் போட்டேன். முழு வேகத்துல."

அவராகவே சொன்னார்.

"அப்புறம் ஏங்குச்சான்னு கேட்டாவன்னா, எஞ்சின் சத்தத்துல எங்க அப்பாவுக்கு ஒண்ணும் கேக்கல்லன்னு சொல்லு."